காக்கத் தகுந்த தையல் இயந்திரம்



பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில், அறையின் ஒரு மூலையில், பழைய சேலைத் துண்டினால் மூடப்பெற்ற கரிய தையல் இயந்திரம் ஒன்று இருக்கக் காணலாம். பாட்டனார் பம்பாய்க்கு வேலைக்கு வந்த காலத்தில் வாங்கியதாக அது இருக்கலாம்; மணமான பெண்ணுக்குச் சீர்ப்பொருளாக ஊரிலிருந்து ரயிலேறி வந்ததாகவும் இருக்கலாம். வீடு மாறும்போதெல்லாம் அதனைப் பற்றி ஒரு கேள்வி எழுகின்றது. இதனைச் சுமந்து செல்வதா, அன்றிப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுவதா? மற்றொரு புறம், பழம்பொருட் கடையில் பொன்னிறச் சித்திரங்களுடன் மின்னும் பழைய இயந்திரத்தைக் கண்டு, வாங்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்போரும் உளர். இவ்விரு கேள்விகளுக்கும் விடை, அவ்வியந்திரத்தின் வரலாற்றிலேயே அடங்கியிருக்கின்றது. எந்த வகை எவ்வாறு பிறந்தது, எதன் பரம்பரை இன்றும் வாழ்கின்றது, எது வாரிசின்றி மறைந்தது என்பதை அறிந்தவர் இக்காரியத்தில் ஏமாற மாட்டார்.

கையால் தைக்கும் ஊசிக்குக் காது பின்புறம் இருக்கின்றது. ஊசி முழுவதும் துணியைக் கடந்து மறுபுறம் சென்று மீண்டு வரவேண்டும். மனிதக் கை எளிதிற் செய்யும் இச்செயலை இரும்பைக் கொண்டு செய்விக்க முயன்று பலர் தோற்றனர். 1790-இல் இங்கிலாந்தில் தாமஸ் செயின்ட் என்பவர் தோல் தைக்கும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1830-இல் பிரான்சு நாட்டுத் தையற்காரரான பார்த்தலமி திமோனியே, ஒற்றை நூலால் சங்கிலித் தையல் போடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாரிஸ் நகரில் ஏறத்தாழ 80 இயந்திரங்களைக் கொண்டு படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் பட்டறை ஒன்று எழுந்தது. தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831-இல் அப்பட்டறைக்குள் புகுந்து இயந்திரங்களை உடைத்தெறிந்தனர். திமோனியே 1857-இல் வறுமையில் மாண்டார்.

அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்பவர் 1830-களின் தொடக்கத்தில் இரண்டு நூல்களைப் பிணைத்துத் தைக்கும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். ஆனால் அக்காலத்தில் அதற்குக் காப்புரிமை கோரவில்லை. தையல் வேலையால் வயிறு வளர்க்கும் ஏழைப் பெண்களின் வாழ்வு கெடும் என்று அவர் மகள் தடுத்ததாக ஒரு செய்தி வழங்குகின்றது. பின்னர், 1846-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், எலியாஸ் ஹோவ் என்பவர் இவ்வகை இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்திய ஆண்டில் பாஸ்டன் நகரில் நடந்த ஒரு போட்டியில், அவருடைய இயந்திரம் கைத்தையலில் தேர்ந்த ஐந்து பெண்களை வென்றது.

ஹோவின் இயந்திரத்தில் ஊசியின் காது முனைக்கருகே இருந்தது. ஊசி துணியை முழுதும் கடப்பதில்லை. நூலை மறுபுறம் கொண்டு சென்று சிறு வளையமாக விட்டு மீள்கின்றது. அவ்வளையத்தினூடே, அடியிலிருக்கும் ஷட்டில் இரண்டாவது நூலைச் செலுத்துகின்றது. இரு நூல்களும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. சங்கிலித் தையலில் நூலின் முனை விட்டுவிட்டால் இழுத்த இழுப்பில் தையல் முழுவதும் பிரிந்துவிடும். பூட்டுத் தையலில் ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற இடம் நிற்கும். ஆகவே நாம் கொள்ளவேண்டிய முதல் விதி இது: வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் பழைய இயந்திரம் இரு நூல் இயந்திரமாக இருத்தல் வேண்டும். ஒற்றை நூல் இயந்திரங்கள் காட்சிக்கு அழகியவை; குழந்தையின் சட்டையை நம்பி ஒப்படைக்கத் தக்கவையல்ல.

ஐசக் மெரிட் சிங்கர் 1851-இல் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். துணியைச் சிறு பற்களால் பிடித்து முன்னே தள்ளிப் பின் தாழ்ந்து மீளும் நான்கு அசைவு முறையை ஆலன் வில்சன் 1854-இல் பதிவு செய்தார். ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வோர் உறுப்பின் உரிமை இருந்தமையால் வழக்குகள் மலிந்தன. இறுதியில் 1856-இல் ஹோவும் மூன்று நிறுவனங்களும் கூடித் தத்தம் உரிமைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டனர். அக்கூட்டு 1877-இல் முடிவுற்றது. அதன்பின் எவரும் தாராளமாக இவ்வியந்திரத்தை உற்பத்தி செய்யலாயினர், விலையும் இறங்கியது. சிங்கரின் பங்காளியான எட்வர்டு கிளார்க் 1856-இல் தொடங்கிய தவணை முறையும் சேர்ந்து, இவ்வியந்திரத்தைச் சாதாரணக் குடும்பங்களுக்குக் கொண்டு சென்றது.

நம் நாட்டுக்கு இஃது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. பட்டேல் என்னும் பார்சி வணிகர் இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளில் சிங்கர் நிறுவனத்தின் முதன்மை முகவராகப் பல்லாண்டுகள் விளங்கினார். ஐரோப்பாவில் இல்லத்தரசியின் அறைக்குள் புகுந்த இயந்திரம், இங்குப் பெரிதும் தெருத்திண்ணையில் அமர்ந்த தையற்காரரின் முன் வந்து நின்றது. பாரிஸ் தையற்காரர்கள் உடைத்ததை நம் தையற்காரர்கள் தவணையில் வாங்கினார்கள். காரணம் வெளிப்படை. பாரிஸில் இயந்திரம் பட்டறை முதலாளியின் உடைமை. இங்கு அது தொழிலாளியின் சொந்த உடைமை. ஒருவர் காலால் மிதித்து, ஒருவர் கையால் செலுத்தி, ஒருவர் குடும்பத்தைக் காக்கும் அளவே அதன் அளவு.

காந்தியடிகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டார். சாந்திநிகேதன் மாணவராயிருந்த ஜி. ராமச்சந்திரன் அவரை 1924-இல் சந்தித்து, இயந்திரங்கள் யாவற்றையும் எதிர்க்கின்றீர்களா என்று வினவினார். இயந்திர மோகத்தையே தாம் எதிர்ப்பதாகவும், சிங்கர் தையல் இயந்திரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு என்றும் அடிகள் விடையிறுத்தார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு, அன்பினால் சிங்கர் அதனைச் செய்தார் என்பது அவர் கேட்டறிந்த கதை. வரலாற்று ஏடுகள் அக்கதையைச் சிங்கருக்கு உரியதாகக் காட்டவில்லை. சிங்கர் பாஸ்டனில் ஒரு பட்டறையில் பழுதுபட்ட இயந்திரத்தைப் பார்த்துத் திருத்தப் புகுந்தே தம் வடிவைக் கண்டார். ஹோவ் ஆராய்ச்சியில் ஆழ்ந்திருந்த நாட்களில் அவர் மனைவிதான் பிறர்க்குத் தைத்துக் குடும்பத்துக்கு உதவினார். கதை எவருடையதாயினும், அடிகள் கண்ட உண்மை நிலைத்தது. அவ்வுரையாடல் ‘யங் இந்தியா’ இதழில் வெளிவந்தது. அன்று வினவிய ராமச்சந்திரனே பின்னர் 1947-இல், டாக்டர் டி. எஸ். சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார் என்பது தமிழர்க்கு நினைவிருக்கத் தக்கது.

இந்திய மண்ணிலேயே தையல் இயந்திரம் செய்யும் முயற்சி 1930-களில் கல்கத்தாவில் வேரூன்றியது. ஜெய் இஞ்சினியரிங் நிறுவனம் ‘உஷா’ என்னும் பெயரில் இயந்திரங்களை வெளியிட்டது. டில்லியின் தொழிலதிபர் லாலா ஸ்ரீராம் அதனைப் பேணி வளர்த்தார். விடுதலைக்குப் பின் அவ்வியந்திரம் நாடெங்கும் பரவியது, வெளிநாடுகளுக்கும் சென்றது. தெற்குக் கல்கத்தாவில் பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் அதன் ஆலை நின்ற நிலத்தில் இன்று உயர்ந்த குடியிருப்புகளும் அங்காடியும் நிற்கின்றன. மற்றொரு புறம், பஞ்சாபின் லுதியானா நகரில் சிறு பட்டறைகள் பல தோன்றி, ஒன்று பாபின் செய்ய, ஒன்று ஷட்டில் செய்ய, ஒன்று வார்ப்பு வார்க்க, இத்தொழிலின் தலைநகராகவே அந்நகர் ஆயிற்று. பழைய இயந்திரத்தை வைத்திருப்போருக்கு இச்செய்தி மிக முக்கியமானது. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

பழைய இயந்திரம் என்றாலே கிடைத்தற்கரியது என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. ஸ்காட்லாந்தில் கிளைடுபாங்கு என்னுமிடத்தில் சிங்கர் நிறுவனத்தின் பேராலை 1885 முதல் 1980 வரை இயங்கியது. அதன் உச்சக் காலமாகிய 1913-ஆம் ஆண்டில் மட்டும் பதின்மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட இயந்திரங்கள் அங்கிருந்து வெளிவந்தன. ஆலை மறைந்தபின்னும் அங்குள்ள ரயில் நிலையம் ‘சிங்கர்’ என்ற பெயரையே தாங்கி நிற்கின்றது. இத்துணை இலட்சம் இயந்திரங்களில் ஒன்று நூறு ஆண்டு கடந்து நம் கைக்கு வருவது வியப்பன்று. ஆகவே வயதைச் சொல்லி விலையை உயர்த்தும் வியாபாரியிடம் வயப்பட வேண்டுவதில்லை. வயதை அறிய விரும்பினால், இயந்திரத்தின் அடித்தட்டின் மேல் பொறித்த எண்ணைப் பாருங்கள். 1900-க்கு முந்திய சிங்கர் இயந்திரங்களில் எண் மட்டும் இருக்கும். அதற்குப் பிந்தியவற்றில் எண்ணுக்கு முன் ஓர் எழுத்தோ இரண்டு எழுத்துகளோ இருக்கும்.

இனி, வயதைவிட முக்கியமான குடும்ப வேறுபாட்டைக் காண்போம். அடி நூலை ஏந்தும் உறுப்பைக் கொண்டு, பழைய சிங்கர் இயந்திரங்களை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

முதற் குடும்பம், நீண்ட ஷட்டில் உடையது. 1865-இல் வந்த 12-ஆம் மாதிரியில் படகு போன்ற ஷட்டில் முன்னும் பின்னும் ஓடும். 1880-களில் பிறந்த 27, 28-ஆம் மாதிரிகளிலும், அவற்றின் வழிவந்த 127, 128-லும் துப்பாக்கித் தோட்டா போன்ற ஷட்டில் வில்வடிவாக அசையும். இவற்றின் பாபின் மெலிந்து நீண்டிருக்கும். 12-ஆம் மாதிரிக்கு உரிய ஊசி இன்று சந்தையில் எளிதிற் கிடைப்பதன்று. 27-ஆம் மாதிரி முதலியவை இன்றைய சாதாரண ஊசியையே ஏற்கும்.

இரண்டாம் குடும்பம், 15-ஆம் மாதிரி. இதில் வட்டமான பாபின், இடப்புறம் செங்குத்தாக நிற்கும் கூட்டில் அமரும். 1945-க்குப் பின் ஜப்பானியர் இவ்வடிவையே பின்பற்றி இலட்சக்கணக்கில் உற்பத்தி செய்தனர். நம் நாட்டு வீடுகளில் காணும் கரிய நேர்த்தையல் இயந்திரங்களும் பெரும்பாலும் இதன் வாரிசுகளே.

மூன்றாம் குடும்பம், 66, 99, 201 முதலிய மாதிரிகள். இவற்றில் பாபின் மேலிருந்து படுக்கைவாட்டில் இடப்படும். 1930-களில் வந்த 201 பற்சக்கரங்களால் இயங்குவது, ஓசையின்றி ஓடும், உறுதிக்குப் பெயர் பெற்றது. ஒன்றை மறத்தலாகாது: 66-இன் பாபினும் 15-இன் பாபினும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றல்ல. முன்னதன் பக்கங்கள் சற்றே புடைத்திருக்கும். பின்னதன் பக்கங்கள் தட்டையானவை. மாற்றிப் போட்டுவிட்டு இயந்திரத்தைக் குறை கூறுவோர் பலர்.

இவற்றுள் எதனை வாங்குவது? லுதியானாவைப் பற்றிச் சொன்னது இங்குதான் பயன்படுகின்றது. இயந்திரத்தின் ஆயுள் அதன் இரும்பில் மட்டும் இல்லை. அதன் சிற்றுறுப்பு ஒன்று தேய்ந்தால் நாளைக் காலை மற்றொன்று கிடைக்குமா என்பதில் இருக்கின்றது. 15-ஆம் மாதிரிக் குடும்பத்துக்கு வேண்டிய ஊசி, பாபின், பாபின் கூடு, ஷட்டில் யாவும் இன்றும் நம் நாட்டுச் சந்தைகளில் எளிதிற் கிடைக்கின்றன. ஆகவே நாள்தோறும் தைக்க விரும்புவோருக்கு அதுவே முதல் தேர்வு; அதன் இந்திய வாரிசுகளும் அவ்வாறே. நல்ல நிலையிலுள்ள 66-உம் 201-உம் இரண்டாவது தேர்வு. 27-ஆம் மாதிரி முதலியவற்றை ஷட்டிலும் பாபின்களும் உடனிருந்தால் மட்டும் வாங்கலாம். 12-ஆம் மாதிரி, அதன் வரலாற்றை நேசிப்பவருக்கு உரியது.

வாங்கச் செல்லும்போது ஊசி, நூல், இரண்டு வகைத் துணித் துண்டுகள் ஆகியவற்றை உடன் கொண்டு செல்லுங்கள். முதலில் அடித்தட்டையும் கழுத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்வதே நலம். பின்னர்ச் சக்கரத்தை உங்கள் பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். இறுகியிருந்தால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். எண்ணெய் உறைந்து பிசினாகியிருக்கலாம். ஷட்டிலில் நூல் சிக்கியிருக்கலாம். இவை தீரக்கூடிய நோய்கள். சுற்றும்போது ஓரிடத்தில் மட்டும் தடுத்து நின்றால், ஏதோ ஓர் உறுப்பு வளைந்திருக்கின்றது என்று ஐயுற வேண்டும். ஊசித் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கடகடவென ஆடினால் தேய்மானம் மிகுதி. துணி நகர்த்தும் பற்கள் கூர்மையாக உள்ளனவா, ஷட்டில் முனை மழுங்கவில்லையா என்று நோக்குங்கள். இறுதியில் தைத்துப் பாருங்கள். மேலும் கீழும் தையல் ஒரே அழகாக விழுந்தால் இயந்திரம் நலமுடையது. சற்று ஏறத்தாழ இருப்பின், நூலின் டென்ஷனைத் திருத்தி மீண்டும் தைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். புதுக் கறுப்பு வண்ணமும் புது பொன்னிற ஒட்டுச் சித்திரமும் பூசி, சாதாரண இயந்திரத்தைப் பழம்பெரும் இயந்திரம் என்று விற்பது எளிது. உண்மையான பழமையில், தைப்பவர் கை உராய்ந்த முன்புறத்தில் சித்திரம் தேய்ந்திருக்கும். எண் ஆழமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். எங்கும் ஒரே சீராகப் புதிதாய் இருப்பதே ஐயத்துக்கு இடம். மின் மோட்டார் பொருத்திய பழைய இயந்திரமாயின், கம்பியின் ரப்பர் உறை பொடிந்திருந்தால் மாற்றாமல் மின்சாரம் கொடுக்கலாகாது. அமெரிக்காவிலிருந்து வந்த மோட்டார் 110 வோல்ட்டுக்கு உரியது. நம் வீட்டின் 230 வோல்ட்டில் அது கருகிவிடும்.

வாங்கியபின் காப்பது எளிது. இறுகிய இயந்திரத்தின் மூட்டுகளில் மண்ணெண்ணெய் சில துளிகள் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, மெல்லச் சுழற்றினால் பழம் பிசின் இளகும். அதனைத் துடைத்தபின் தையல் இயந்திர எண்ணெய் இடவேண்டும். அடுக்களை எண்ணெயை இடுவது தீங்கு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையும். சென்னையில் ஓடிய இயந்திரம் டில்லியின் மார்கழிக் குளிரில் நின்றுவிடும். கடுகெண்ணெயோ காற்றுப் பட்டுப் பிசினாகும். சித்திரங்களின் மேல் ஸ்பிரிட்டைத் தேய்க்கவே கூடாது. மேற்பூச்சு கரைந்து பொன்னிறமும் உடன் போகும். வீடு மாற்றும்போது பெல்ட்டைக் கழற்றி, இயந்திரத்தை மேசையினின்று பிரித்துத் தனியே கட்டுங்கள். சக்கரத்தைப் பற்றித் தூக்காமல் அடித்தட்டைத் தாங்கித் தூக்குங்கள்.

வார்ப்பிரும்புக் கால்களை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே பளிங்குப் பலகை இட்டு அலங்கார மேசையாக்கி, இயந்திரத்தை எடைக்குப் போடும் வழக்கம் இன்று நகரங்களில் மிகுந்து வருகின்றது. உயிர் போன இயந்திரமாயின் அதிற் குற்றமில்லை. ஆனால் உயிருள்ளதை அவ்வாறு செய்வதற்கு முன், அது இன்னும் ஒரு குடும்பத்துக்குச் சோறிடக் கூடியது என்பதை எண்ணுதல் வேண்டும். தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரால், கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற மகளிர்க்கும் இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்தை வகுத்தது இக்காரணம் பற்றியே. மின்சாரம் இல்லாத அறையிலும், மொழி தெரியாத ஊரிலும், வீட்டைவிட்டு வெளியே செல்ல இயலாத நிலையிலும், ஒரு பெண்ணுக்குத் தன் கையால் பொருளீட்ட வழி செய்த இயந்திரங்கள் சிலவே. வேற்றூரில் குடியேறிய குடும்பங்கள் இதனை நன்கு அறியும்.

ஆகவே, உங்கள் வீட்டு மூலையிலுள்ள இயந்திரத்தை இந்த வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், எக்குடும்பத்தைச் சேர்ந்தது என்று காணுங்கள், தூசியைத் துடைத்து, எண்ணெய் இட்டு, ஒரு சாண் துணி தைத்துப் பாருங்கள். ஓடுமாயின் வைத்துக்கொண்டு தையுங்கள். உங்களுக்குத் தேவையில்லையாயின், எடைக்குப் போடாமல், அதனைக் கொண்டு பிழைக்கக்கூடிய ஒருவர் கையில் சேர்ப்பியுங்கள். நூறாண்டு முன் வார்த்த இரும்பு, நல்ல கையிற் சேர்ந்தால் இன்னும் பல்லாண்டு தைக்கும்.